ஆங்கிலத்தின் ‘டு’வும் தமிழின் ‘செய’வும்

‘படிக்கப் போ’, ‘சாப்பிட வா’, ‘தொழ நேரமாயிற்று’, ‘அவனைப் போக விடு’. நம் இல்லங்களில் விடிந்தது முதல் இரவு வரை இத்தகைய தொடர்கள் ஒலித்துக் கொண்டேயிருக்கின்றன. எழுத்தறியாத மூதாட்டியும் இவற்றைப் பிழையின்றிப் பேசுகிறார். பள்ளிக்குச் செல்லாத சிறு குழந்தையும் பேசுகிறது. ஆனால் இதே கருத்தை ஆங்கிலத்தில் சொல்ல முற்படும்போது கல்லூரியில் பயிலும் பிள்ளைகளும் தயங்குகின்றனர். இலக்கணப் புத்தகத்தில் ‘இன்பினிட்டிவ்’ என்னும் தலைப்பைக் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றனர்.

இந்த அச்சம் தேவையற்றது. ஆங்கிலத்தார் ‘டு ரீட்’, ‘டு ஈட்’, ‘டு கோ’ என்று கூறுவதைத்தான் நாம் ‘படிக்க’, ‘சாப்பிட’, ‘போக’ என்று கூறுகிறோம். ஆங்கில இலக்கணத்தில் இன்பினிட்டிவ் எனப்படுவது தமிழ் இலக்கணத்தில் ‘செயவென் எச்சம்’ எனப்படுகிறது. இரு மொழிகளும் எங்கே ஒத்துச் செல்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் இப்பாடத்தின் பெரும்பகுதி கைவந்துவிடும். வேலைக்கு விண்ணப்பம் எழுதும் மகனுக்கும், நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மகளுக்கும், அயல்நாட்டில் மருத்துவரிடம் நோயைச் சொல்ல நேரும் பெரியவர்களுக்கும் இது பயன்படும்.

எல்லை கட்டப்படாத வினை

‘இன்பினிட்டிவ்’ என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்த பெயர். ‘எல்லைக்குட்படாதது’ என்பது அதன் பொருள். எந்த எல்லைக்கு? ‘படித்தான்’ என்ற சொல்லைப் பாருங்கள். படித்தவன் ஓர் ஆண், ஒருவன், செயல் நடந்து முடிந்துவிட்டது என்று திணை, பால், எண், இடம், காலம் அனைத்தையும் அது காட்டிவிடுகிறது. ‘படிக்க’ என்ற சொல்லோ யார், எத்தனை பேர், எப்போது என்று எதையும் சொல்வதில்லை. ‘படிக்க வந்தான்’, ‘படிக்க வந்தார்கள்’, ‘படிக்க வருவாள்’ என எங்கு வைத்தாலும் அதன் உருவம் மாறுவதில்லை.

ஆங்கிலத்திலும் அவ்வாறே. ‘ஹி கோஸ்’ என்னும்போது வினையின் இறுதியில் ‘ஸ்’ ஒலி சேர்கிறது. ‘ஹி வாண்ட்ஸ் டு கோ’ என்னும்போது அவ்வொலி முதல் வினையோடு நின்றுவிடுகிறது, ‘கோ’ மாறுவதில்லை. இறந்த காலத்திலும் ‘ஹி வாண்டட் டு கோ’ என்பதே சரி. நம் பிள்ளைகள் பலர் ‘ஹி வாண்டட் டு வென்ட்’ என்று எழுதி மதிப்பெண் இழக்கின்றனர். அவர்களிடம் ‘போனான் விரும்பினான்’ என்று தமிழில் சொல்வாயா என்று கேட்டால் போதும். சிரித்துக்கொண்டே திருத்திக் கொள்வார்கள்.

‘ஹி டிட் நாட் வென்ட்’ என்பதும் இவ்வகைப் பிழையே. ‘ஹி டிட் நாட் கோ’ என்பதே சரி. இதற்கும் தமிழிலேயே விடையுண்டு. ‘போகவில்லை’ என்னும் சொல்லைப் பிரித்தால் ‘போக’, ‘இல்லை’ என வரும். நேற்று நடக்காததைச் சொல்லும்போதும் நாம் ‘போக’ என்ற எச்சத்தையே வைக்கிறோம். ஆங்கிலமும் ‘டிட் நாட்’ என்பதற்குப் பின் எச்சத்தையே வைக்கிறது. அங்கே ‘டு’ வருவதில்லை என்பது ஒன்றே வேறுபாடு.

‘டு’ எங்கிருந்து வந்தது?

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் இவ்வெச்சத்திற்கு ‘டு’ தேவைப்படவில்லை. தமிழைப் போலவே வினையின் இறுதியில் விகுதி இருந்தது. ‘குடிக்க’ என்பதற்கு ‘ட்ரிங்கன்’ என்றனர். ‘குடிப்பதற்கு’ என்று நோக்கத்தை வற்புறுத்த வேண்டிய இடத்தில் மட்டும் வேற்றுமை உருபேற்ற வடிவத்தின் முன் ‘டு’வைச் சேர்த்து, ‘டோ ட்ரிங்கென்னெ’ என்றனர். காலப்போக்கில் விகுதிகள் தேய்ந்து மறைந்தன. வினையையும் எச்சத்தையும் வேறுபடுத்திக் காட்ட முன்னால் நின்ற ‘டு’ ஒன்றே மிஞ்சியது.

‘டு ஸ்கூல்’ என்றால் பள்ளிக்கு. ‘டு மதுரை’ என்றால் மதுரைக்கு. அதாவது ‘டு’ என்பது நமது நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’வின் வேலையைச் செய்வது. ஆகவே ‘டு ஸ்டடி’ என்பது தொடக்கத்தில் ‘படித்தற்கு’ என்றே பொருள்பட்டது. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதைக் கூறுமிடத்து ‘செய’ என்பதோடு ‘செயற்கு’ என்பதையும் சேர்த்தே கூறுகிறார். ‘செயல்’ என்பதோடு ‘கு’ சேர்ந்ததே ‘செயற்கு’. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியைக் கண்டன என்பது எத்துணை வியப்பு!

இந்த வரலாற்றில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. நோக்கத்தைச் சொல்லும் வேலை ‘டு’வுக்கு உரியது. ‘ஐ கேம் ஹியர் டு ஸ்டடி’, அதாவது நான் இங்கே படிப்பதற்காக வந்தேன் என்பதே நேரான வாக்கியம். ‘படிப்பதற்காக’ என்பதில் ‘ஆக’ இருக்கிறதே என்று எண்ணி நம்மவர் ‘ஃபார் ஸ்டடியிங்’ என்றும், சிலர் ‘ஃபார் டு ஸ்டடி’ என்றும் கூறிவிடுகின்றனர். ‘ஃபார்’ என்பதன் பின் பெயர்ச்சொல் வரட்டும்: ‘ஃபார் ஹையர் ஸ்டடீஸ்’. நோக்கத்தைச் சொல்லும் வினை வந்தால் ‘டு’ போதும்.

‘டு’ வரவேண்டிய இடங்கள்

விருப்பம், முடிவு, நம்பிக்கை, வாக்குறுதி, மறுப்பு ஆகியவற்றைக் கூறும் வினைகளின் பின் ‘டு’ வரும். ‘வாண்ட்’, ‘ஹோப்’, ‘டிசைட்’, ‘ப்ளான்’, ‘ப்ராமிஸ்’, ‘அக்ரீ’, ‘ரெஃப்யூஸ்’, ‘லர்ன்’ என்பன அவற்றுட் சில. இவற்றுட் பெரும்பாலானவை இனி நடக்கவேண்டிய ஒன்றை நோக்குவன என்பதைக் கவனியுங்கள். ‘ஷி டிசைடட் டு அப்ளை’ என்றால் விண்ணப்பிக்க முடிவு செய்தாள். விண்ணப்பம் இனிமேல்தான் செல்லும். எதிர்மறையாக்க வேண்டின் ‘நாட்’ என்பதை ‘டு’வுக்கு முன் வையுங்கள்: ‘ஷி டிசைடட் நாட் டு அப்ளை’.

பண்பைச் சொல்லும் சொற்களின் பின்னும் அது வரும். ‘ரெடி டு கோ’ என்றால் போக ஆயத்தம். ‘ஈஸி டு ஸே’ என்றால் சொல்ல எளிது. ‘த டீ இஸ் டூ ஹாட் டு ட்ரிங்க்’ என்றால் தேநீர் குடிக்க முடியாத அளவுக்குச் சூடாக இருக்கிறது. இவ்வாக்கியத்தில் ‘நாட்’ என்ற எதிர்மறைச் சொல் இல்லாவிட்டாலும் ‘முடியாது’ என்ற பொருள் முன்னுள்ள ‘டூ’வில் அடங்கியிருக்கிறது. ‘ஹௌ டு குக்’, ‘வேர் டு கோ’ போன்ற வினாத் தொடர்களும், ‘நத்திங் டு ஈட்’ போன்ற பெயர்த் தொடர்களும் இவ்வினமே. ‘உண்ண ஒன்றுமில்லை’ என்று நாம் சொல்வதை அப்படியே ஆங்கிலமும் சொல்கிறது.

ஓரிடத்தில் மட்டும் தமிழ் வழிகாட்டாது. ‘நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதை எவ்வாறு கூறுவது? ‘என்று’ இருப்பதால் ‘ஐ வாண்ட் தட் யூ ஷுட் கம்’ என்கிறோம். ஆங்கிலத்தில் அது வழக்கன்று. ‘ஐ வாண்ட் யூ டு கம்’ என்பதே மரபு. மதரஸாவில் அரபி பயின்ற பிள்ளைகள் இவ்விடத்தில் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அரபியில் ‘உரீது’ என்னும் வினைக்குப் பின் ‘அன்’ வந்து, அதன்பின் யார் செய்வது என்பதைக் காட்டும் வினை வருகிறது. அந்த ‘அன்’ அவர்களை ‘தட்’ என்னும் சொல்லுக்கு இழுத்துச் செல்லும். ஆங்கிலத்தின் ‘வாண்ட்’ என்னும் வினையோ ‘தட்’டை ஏற்காது.

‘டு’ வரக்கூடாத இடங்கள்

எச்சம் வந்தும் ‘டு’ வராத இடங்கள் சில உள. இவற்றைச் சிறு பட்டியலாக மனனம் செய்துகொள்வதே நல்ல வழி.

முதலாவது, ‘கேன்’, ‘குட்’, ‘மே’, ‘மைட்’, ‘வில்’, ‘வுட்’, ‘ஷல்’, ‘ஷுட்’, ‘மஸ்ட்’ ஆகிய துணை வினைகள். ‘ஷி கேன் ரீட்’ என்றால் அவளால் படிக்க முடியும். ‘யூ மஸ்ட் கோ’ என்றால் நீ போக வேண்டும். ‘மஸ்ட் டு கோ’ என்பது பிழை. ஆனால் ‘ஹேவ் டு கோ’, ‘ஆட் டு கோ’ என்பவற்றில் ‘டு’ உண்டு.

இரண்டாவது, ‘மேக்’, ‘லெட்’ என்பவை. ‘த கிளார்க் மேட் மி வெயிட்’ என்றால் அலுவலர் என்னைக் காத்திருக்க வைத்தார். ‘லெட் ஹிம் கோ’ என்றால் அவனைப் போக விடு. ‘மேட் மி டு வெயிட்’ என்பது நம்மவர் அதிகம் செய்யும் பிழைகளுள் ஒன்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. அதே வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாக மாற்றினால் ‘டு’ திரும்பி வந்துவிடும்: ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’. தேர்வுகளில் இதனை விரும்பிக் கேட்பர்.

மூன்றாவது, காண்டல், கேட்டல் ஆகிய புலன் வினைகள். ‘ஐ ஸா ஹிம் க்ராஸ் த ரோட்’ என்றால் அவன் சாலையைக் கடக்கக் கண்டேன். நான்காவது, ‘ஹேட் பெட்டர்’ என்னும் தொடர். ‘யூ ஹேட் பெட்டர் ரெஸ்ட்’ என்றால் நீங்கள் ஓய்வெடுப்பது நல்லது. ‘ஹெல்ப்’ என்னும் வினைக்கு மட்டும் இரு வழியும் உண்டு. ‘ஹெல்ப் மி குக்’, ‘ஹெல்ப் மி டு குக்’ இரண்டும் சரியே.

படிக்க, போக, காத்திருக்க, கடக்க என்று தமிழில் இங்கெல்லாம் செயவென் எச்சமே வந்திருப்பதைக் காணலாம். எச்சம் எங்கே வரும் என்பதைத் தமிழ் காட்டிவிடுகிறது. ‘டு’ வருமா வராதா என்பதை மட்டும் தனியே கற்க வேண்டும்.

ஒரு சொல்லால் பொருள் மாறும் இடம்

இதுவரை கூறிய பிழைகளால் மதிப்பெண் குறையும். கேட்பவர் பொருளைப் புரிந்துகொள்வார். இனிக் கூறப்போவது அத்தகையதன்று. சில வினைகளின் பின் ‘டு’ வந்தால் ஒரு பொருள். ‘இங்’ விகுதி பெற்ற ஜெரண்ட் என்னும் தொழிற்பெயர் வந்தால் வேறு பொருள்.

வெளிநாட்டில் மகனோடு தங்கியிருக்கும் ஒரு பெரியவர், சர்க்கரை நோய்க்கான மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கூறுவதாகக் கொள்வோம். ‘ஐ ஃபர்காட் டு டேக் த டேப்லெட்’ என்றால், மாத்திரை சாப்பிட மறந்துவிட்டேன், அதாவது சாப்பிடவில்லை என்று பொருள். ‘ஐ டோன்ட் ரிமெம்பர் டேக்கிங் த டேப்லெட்’ என்றால், சாப்பிட்டதாக நினைவில்லை, அதாவது சாப்பிட்டிருக்கவும் கூடும் என்று பொருள். முன்னதைக் கேட்ட மருத்துவர் மாத்திரையைக் கொடுக்கச் சொல்லலாம். பின்னதைக் கேட்டவர் அவசரப்படாமல் இரத்தத்தில் சர்க்கரையின் அளவைச் சோதித்துப் பார்ப்பார். ஏற்கெனவே உண்டவருக்கு மீண்டும் கொடுத்தால் சர்க்கரை தாழ்ந்து ஆபத்து நேரக்கூடும். ஒரு விகுதியில் எவ்வளவு அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

சமையலறையிலும் இதுவே. ‘ரிமெம்பர் டு டர்ன் ஆஃப் த கேஸ்’ என்றால் அடுப்பை அணைக்க மறவாதே. அணைத்தல் இனி நடக்க வேண்டியது. ‘ஐ ரிமெம்பர் டர்னிங் ஆஃப் த கேஸ்’ என்றால் அணைத்தது எனக்கு நினைவிருக்கிறது, செயல் முடிந்துவிட்டது. ‘ஸ்டாப்’ என்னும் வினை இன்னும் கூர்மையானது. ‘ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்’ என்றால் புகைப்பதை விட்டுவிட்டார், மகிழத்தக்க செய்தி. ‘ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்’ என்றால் புகை பிடிப்பதற்காகச் சற்று நின்றார், வருந்தத்தக்க செய்தி.

இதை நினைவில் கொள்ள எளிய வழியுண்டு. ‘ரிமெம்பர்’, ‘ஃபர்கெட்’, ‘ஸ்டாப்’ ஆகிய இவற்றின் பின் வரும் ‘டு’ முன்னோக்கிப் பார்க்கும். ‘இங்’ பின்னோக்கிப் பார்க்கும். தமிழும் இதைத் தெளிவாகப் பிரித்தே வைத்திருக்கிறது. ‘சாப்பிட மறந்தேன்’ என்பது வேறு. ‘சாப்பிட்டதை மறந்தேன்’ என்பது வேறு. முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘சாப்பிட’, ‘அணைக்க’ என்று அகரத்தில் முடிந்தால் ‘டு’. ‘சாப்பிட்டதை’, ‘அணைத்ததை’ என்று வந்தால் ‘இங்’.

இன்னும் சில வினைகள் ‘டு’வை ஏற்கவே மாட்டா. ‘என்ஜாய்’, ‘அவாய்ட்’, ‘ஃபினிஷ்’, ‘சஜெஸ்ட்’ என்பன அத்தகையவை. ‘ஐ ஃபினிஷ்ட் ரீடிங்’ என்பதே சரி. தமிழிலும் ‘படிக்க முடித்தேன்’ என்று யாரும் கூறுவதில்லை. ‘படித்து முடித்தேன்’ என்கிறோம்.

‘டு’வைப் போல் தோன்றும் ‘டு’

கடிதம் எழுதுவோரை ஏமாற்றும் இடம் ஒன்றுண்டு. வேலைக்கான விண்ணப்பத்தின் இறுதியில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதிவிடுகின்றனர். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதே சரி. இங்குள்ள ‘டு’ எச்சத்தின் அடையாளமன்று. அது ‘கு’ என்னும் வேற்றுமைப் பொருளில் வந்த இடைச்சொல். அதன் பின் பெயரோ தொழிற்பெயரோதான் வரும்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. ‘டு’வுக்குப் பின் ‘யுவர் லெட்டர்’ போன்றதொரு பெயரை வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்’ பொருந்துகிறது. ஆகவே வினை வந்தால் ‘இங்’ சேரும். ‘ஐ வாண்ட் டு யுவர் லெட்டர்’ பொருந்தவில்லை. ஆகவே அது எச்சத்திற்குரிய ‘டு’. இச்சோதனை ‘யூஸ்ட் டு’ என்னும் தொடருக்கும் துணை செய்யும். ‘ஐ யூஸ்ட் டு வேக் அப் எர்லி’ என்றால் முன்பெல்லாம் அதிகாலையில் எழுவேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் எர்லி’ என்றால் அதிகாலையில் எழுந்து எனக்குப் பழகிவிட்டது. முன்னதை எழுதிவிட்டுப் பின்னதை எண்ணிக் கொண்டால், நல்ல பழக்கத்தைக் கைவிட்டவர் என்றே படிப்பவர் நினைப்பார்.

ஒரு பழைய வாதம்

‘டு’வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் வரலாமா என்று ஆங்கிலேயர் நெடுங்காலம் வாதிட்டனர். கேன்டர்பரியின் டீன் பதவியிலிருந்த ஹென்றி ஆல்ஃபோர்டு 1864இல் வெளிவந்த தம் நூலில், ‘டு’ வினையினின்று பிரிக்கவொண்ணாதது என்று கருத்துரைத்தார். அதன்பின் பள்ளிகளில் இது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. ஆயினும் 14ஆம் நூற்றாண்டு நூல்களிலேயே இவ்வழக்கு காணப்படுகிறது. 1926இல் ஆங்கில வழக்ககராதியை வெளியிட்ட ஃபவுலர், பொருள் மயங்கும் வாக்கியத்தைவிடப் பிரித்து எழுதுவது மேல் என்ற கருத்தினர். 1966இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் முகப்புரையில் வரும் ‘டு போல்ட்லி கோ’ உலகெங்கும் அறிமுகமாயிற்று. இன்று இதனைப் பிழையென்பார் சிலரே. எனினும் விண்ணப்பங்களிலும் தேர்வுகளிலும் பிரிக்காமல் எழுதுவது, பழைய மரபைப் பேணும் ஆசிரியர் முன் பாதுகாப்பானது.

இல்லத்திலேயே பயிற்சி

அன்புமிக்க பெற்றோர்களே! தமிழ்வழியில் பயின்ற பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறுவது அறிவுக் குறைவால் அன்று, பழக்கக் குறைவால். தன் தாய்மொழி தனக்குத் தடை என்று அவன் எண்ணிவிட்டால் வாய் திறக்கவே கூசுவான். தாய்மொழியே தனக்கு ஏணி என்று உணர்ந்துவிட்டால் துணிந்து பேசுவான். இப்பாடத்தில் அது ஏணியாகவே இருக்கிறது.

இப்பயிற்சிக்கு உம்மா ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின், அன்றாட வாழ்விலிருந்து ஐந்து தமிழ் வாக்கியங்களை அவர் சொல்லட்டும்: ‘கடைக்குப் போக மறந்துவிட்டேன்’, ‘வாப்பா உன்னை எழுதச் சொன்னார்’, ‘தங்கையை விளையாட விடு’ என்பவை போல. பிள்ளை முதலில் எச்சத்தைக் கண்டுபிடித்துக் கூறட்டும். பின்னர் ‘டு’ வருமா, வெறும் வினை வருமா, ‘இங்’ வருமா என்று முடிவு செய்து ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் இட்டு அவ்வினைகளை உரிய பத்தியில் எழுதி வரட்டும். ஐயமுள்ளவற்றை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டுத் தெளியட்டும்.

நாள்தோறும் ஐந்து வாக்கியம் என்றால் ஒரு மாதத்தில் 150 ஆகும். அவ்வளவையும் சொல்லிப் பழகிய நாவுக்கு ‘டு’ அந்நியமாக இராது. ‘படிக்க’ என்று சொல்லத் தெரிந்த எவரும் ‘டு ரீட்’ என்று சொல்லவும் கற்றுக்கொள்ள இயலும். இன்றிரவே முதல் ஐந்து வாக்கியங்களைத் தொடங்குங்கள்.